பத்தாவது பெயிலான மாப்பிள்ளைக்கு

அன்புள்ள சேகருக்கு,

உன் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று நம் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிறார்கள். நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். "எனக்கு இன்னாய்யா தெரியும்? கட்டிக்கப் போறவன் வெள்ளிமலையில சாமை அரைச்சிக்கினு கீறான். அவனப் போயி கேளு." அவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். உன் அம்மாதான் சிரிக்கமாட்டேன் என்கிறாள். "புள்ள கல்யாணம் அந்தரத்துல தொங்கிக்கினு கீது, ஒனக்கு நக்கலு கேக்குதா?" என்கிறாள். நக்கல் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று இத்தனை வருஷம் ஆக்கிப்போட்டவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்பாள். பெண் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றைக்குப் புதன். அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். உன்னோடு போனில் பேசுவதும் கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுவதும் ஒன்றுதான். நான் பேசியது எனக்கே திரும்பி வரும். நீ "ம்" என்பாய். அதுவும் மலையில் சிக்னல் இருந்தால். அதனால் எழுதி, நாளைக் காலையில் கிளம்பும் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். ஜீப்காரர் வழியில் இதைப் பிரித்துப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டட்டும். நம்மிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை நீ எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாயே. முன்பின் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. உனக்குத் தெரிந்தது ஒன்று, நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்று.

உன் பத்தாவது ரிசல்ட் வந்த நாளை எடுத்துக்கொள். மரவள்ளிக்குக் களை எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது நீ வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். "இன்னாடா ஆச்சி?" என்றேன். "பெயிலுப்பா" என்றாய். "எதுல?" "கணக்குலயும் சயின்சுலயும்." "மீதியெல்லாம்?" "பாசு." "அப்போ பெயிலு கம்மி, பாசு ஜாஸ்தி. கை கால கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றேன். உன் அம்மா என் மேல் தட்டை எறிய வந்தாள். நீ எழுந்து போய்க் கை கழுவினாய், சாப்பிட்டாய். இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினாய் என்பதையும் நான் கவனித்தேன். பெயிலான துக்கத்தில் பட்டினி கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி ஊரில் நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். என் வீட்டில் ஒரு பிள்ளை பெயிலாகிக் கூடுதலாகச் சாப்பிட்டதைப் பார்க்க எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஆனால் மறுநாள் நீ செய்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த வருஷம் நம் தெருவில் பெயிலான பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்கு ஓடிவிட்டார்கள். சித்தி வீடு, மாமன் வீடு என்று விடியும் முன்பே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊர் கேட்டு ஓய்ந்த பிறகு திரும்பி வருவார்கள், அதுதான் வழக்கம். உன் அம்மாவும் உனக்குப் பையில் துணி எடுத்து வைத்திருந்தாள். நீ அந்தப் பையை எடுக்காமல் எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாய். கடையில் கூட்டம். "ரிசல்ட்டு இன்னாடா?" என்று ஒருவர் கேட்டார். "பெயிலுங்க. ரெண்டு பாடம். கால் கிலோ கடல எண்ணெ குடுங்க" என்றாய். பின்னாலேயே பீடி வாங்க வந்து நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் பிறகு உன்னை யாரும் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பதில் யாருக்கும் ருசி இல்லை.

உன்னோடு சேர்ந்து பெயிலான முருகையனை நினைத்துப் பார். நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சு, கிட்டத்தட்ட ஒரே மார்க். அவன் அப்பன் என்ன செய்தான்? மகன் பாஸ் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். நானும் ஒரு மிட்டாய் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன் மறுபரீட்சை எழுதப் போகமுடியவில்லை. பாஸானவன் எப்படி மறுபடி எழுதப் போவான்? பதினொன்றிலும் சேர முடியவில்லை, மார்க் ஷீட் கேட்பார்களே. "ஏண்டா பள்ளிக்கூடம் போவல?" என்று கேட்டவர்களுக்கு அவன் அப்பன் தினம் ஒரு காரணம் சொன்னான், பையன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அவனை எங்காவது வேலைக்கு அனுப்பினாலும் பொய் வெளியே வந்துவிடும் என்று அனுப்பவில்லை. அவன் இப்போது இருக்கிற நிலைமையை நீயே பார்க்கிறாய். சாராயக்கடைப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அவனைப் பெயில் கெடுத்தது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனைக் கெடுத்தது அந்தப் பாஸ்தான்.

நீ மறுபரீட்சை எழுதினாய். ரிசல்ட் வந்தது. "சயின்சு பாசுப்பா" என்றாய். "கணக்கு?" "அது அப்டியே கீது." அதோடு நீயும் கணக்கும் பிரிந்துவிட்டீர்கள். உன் விடைத்தாளில் என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, அதைத் திருத்தியவருக்கும் தெரிந்திருக்காது. உனக்குள் ஒரு பெரிய அறிவாளி ஒளிந்திருந்தான், வாத்தியார்களுக்குத்தான் அவனைத் தெரியவில்லை என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். உனக்குப் படிப்பு வரவில்லை. அவ்வளவுதான். எனக்கும் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நான் நின்றபோது வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டோம்.

மார்க் ஒன்றும் பெரிசில்லை என்று நான் சொல்வதாக நீ நினைத்துக்கொள்ளாதே, ஜீப்பில் படிப்பவர்களும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் உன் அக்கா இருக்கிறாள். அவள் மார்க் வாங்கினாள், நர்சு படிப்பு கிடைத்தது, அரசாங்க ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு மார்க் கதவைத் திறந்துவிட்டது, அவள் நேராக உள்ளே நடந்து போனாள். உனக்கு அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. நீ சுவரைச் சுற்றிக்கொண்டு போனாய். சுற்றிக்கொண்டு போனதில் உன் வயசு போனது, தலையில் முன்பக்கம் கொஞ்சம் முடியும் போனது. இன்றைக்கும் உன் சாமை மில்லுக்கு இங்கிலீஷில் ஒரு தாள் வந்தால் உன் அக்காவுக்கு லீவு கிடைக்கும் வரைக்கும் அது உன் சட்டைப்பையிலேயே கிடந்து மடிகிறது. பேங்கில் "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உனக்கு நாற்காலி காட்டாமல் விட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் பெயிலானால் நல்லது என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டேன். பாஸாகு, நேர்வழியில் போ, முடி மிஞ்சும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் சுற்றிக்கொண்டு போனவனிடம் ஒன்று இருக்கிறது. அதை நான் உன் மலையில்தான் கண்டேன். லாரியில் மூட்டை ஏற்றுகிறவனாகத்தான் நீ முதலில் மேலே போனாய். மலைக்காரர்கள் தங்கள் சாமையை உமியோடு கீழே விற்றுவிட்டு, அதே சாமையை அரிசியாகச் சந்தையில் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கண்டாய். உரலில் குத்திக் குத்திப் பெண்களுக்குத் தோள் போனதையும் கண்டாய். வெள்ளிமலையிலேயே மிஷின் போட்டால் என்ன என்று உனக்குத் தோன்றியது. அது தோன்றியது பெரிய விஷயமில்லை, ஜீப்பில் வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தோன்றியிருக்கும். மிஷின் வந்தது. மாலை போட்டோம், கற்பூரம் காட்டினோம், நான்கூட அதற்குத் திருநீறு பூசினேன். முதல் அறுப்பு முடிந்து எல்லோரும் நம்பி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அது நெல்லுக்கென்று செய்த மிஷின். சாமையை அது அரிசியாக்காமல் நொய்யாக்கித் தள்ளியது. பாதி நொய், பாதி மாவு. கோழிக்குத்தான் ஆகும்.

நான் அப்போது பலாப்பழம் தின்னலாம் என்று உன்னோடு வந்து தங்கியிருந்தேன். "மூட்டைய கட்டுடா, கீழ போயிடலாம்" என்றேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே சொன்னேன். நீ மூட்டையைக் கட்டவில்லை. மறுநாள் காலையில் கிளம்பினாய், நானும் பின்னாலேயே வந்தேன். பலாப்பழ ஆசையில் வந்தவனை நடக்கவைத்தே கொன்றாய். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு வீடாகப் போய் வாசலில் நின்று நீ சொன்னது ஒரே பேச்சுதான். "ஒங்க சாமை என் மிஷின்ல நொய்யாப் போச்சி. தப்பு என்னுது. அடுத்த மாசத்துக்குள்ள ஒங்க சாமைய திருப்பித் தரேன்." ஒரு வீட்டில் ஒரு பெரியம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மிஷினு தின்னுட்டுதுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? ஒன்ன யாரு கேக்கப் போறாங்க?" என்றாள். "மிஷினுக்கு இன்னா தெரியும் பெரியம்மா, நான்தான் தெரியாம போட்டுட்டேன்" என்றாய். "தெரியாதுன்னு சொல்ற மொத மிஷின்காரன் நீதான்டா" என்று சொல்லி, எனக்கும் சேர்த்துக் கூழ் ஊற்றினாள்.

அந்தக் கூழைக் குடித்துக்கொண்டே நான் உன்னைப் பார்த்தேன். எண்ணெய்த் தூக்கோடு கடையில் நின்றவனேதான். ஊருக்கு நடுவில் நின்று "பெயிலு" என்று ஒரு தரம் சொல்லிப் பழகியவனுக்கு, மலை முழுக்க நடந்து "தப்பு என்னுது" என்று சொல்வது அவ்வளவு கனமாக இல்லை போலிருக்கிறது. எப்போதும் ஜெயித்தே பழகியவன் முதல் தடவை தோற்கும்போது எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பான். உனக்கு அந்த இடம் ஏற்கெனவே பழகிய இடம். நீ சொன்னபடி சாமையைத் திருப்பிக் கொடுத்தாய், மிஷினை மாற்றினாய், சல்லடையை மாற்றினாய். அடுத்த அறுப்புக்கு அதே பெரியம்மா முதல் மூட்டையோடு வந்து நின்றாள். இப்போது உன் சாமை அரிசி கள்ளக்குறிச்சிக் கடைகளில் பையில் அடைத்து விற்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விலைக்கு வாங்குவதுபோல ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டு வருகிறேன். கடைக்காரருக்கு என்மேல் எரிச்சல்.

இப்படிப்பட்டவன் பெண் பார்க்கப் போன அன்று என்ன செய்தாய்? பெண் மலர்க்கொடி எம்.எஸ்சி., பி.எட். அதுவும் கணக்கு. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிற டீச்சர். "மாப்ள இன்னா படிச்சிருக்காரு?" என்று அந்தப் பெண்ணின் தாய்மாமன் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நம் தரகர் கன்னியப்பன், "டிகிரிங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நீ கேசரியை மென்றுகொண்டிருந்தாய். நானும்தான் மென்றுகொண்டிருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. வெளியே வந்து "இன்னாய்யா இப்டி பண்ணிட்ட?" என்று கேட்டதற்கு, "கல்யாணத்துல யாருங்க சர்ட்டிபிகேட் கேக்கறாங்க?" என்றார் கன்னியப்பன். நீ தலையைக் குனிந்துகொண்டு ஜீப் ஏறினாய். அன்று முழுக்க எனக்கு அந்த முருகையனின் அப்பன் கொடுத்த மிட்டாய் தொண்டையில் நிற்பதுபோலவே இருந்தது. ஆனால் உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பதும் தெரிந்தது. மலைக்குப் போனவன் அம்மாவுக்குத் தானாகவே போன் பண்ணினாய், அதுவும் 'ம்' இல்லாமல் முழு வாக்கியத்தில் பேசினாய். அவ்வளவு தூரம் பிடித்துப்போனதால்தான் உனக்கு வாய் அடைத்துக்கொண்டது. இழப்பதற்கு ஒன்று கையில் வந்ததும் நீயும் எல்லோரையும் போல ஆகிவிட்டாயே என்று நினைத்தேன்.

பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதப் பெண் ஊரான களமருதூருக்குப் போனோம். பெண்ணின் மாமன்தான் கையில் பேனாவோடு உட்கார்ந்தார். பெண் பேரை எழுதினார், பேருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட். என்று அழகாகப் புள்ளி வைத்து எழுதினார். உன் பேரை எழுதினார். நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள பேருக்குப் பின்னாடி இன்னா போடறது? பி.ஏ.தான?"

"பி.ஏ.ன்னே போடுங்க. எழுத்து கம்மி, பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் கன்னியப்பன்.

நீ எழுந்து நின்றாய். "ஒண்ணும் போடாதீங்க மாமா. நான் பத்தாவது பெயிலுங்க."

"அவுரு தமாசு பண்றாருங்க" என்று கன்னியப்பன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"தமாசு இல்லீங்க. ரெண்டு வாட்டி எழுதனேன், ரெண்டு வாட்டியும் பெயிலு."

"அன்னிக்கு டிகிரின்னு சொன்னீங்களே?" என்றார் மாமன். குரல் உடனே மாறிவிட்டது.

"அவுரு சொன்னாரு. நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது என் தப்பு."

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "எந்தப் பாடம்?"

"கணக்குங்க."

உள்ளே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இங்கே கேட்டது. அவள் மட்டும் சிரிக்காமல், "அல்ஜீப்ராவா, ஜியாமெட்ரியா?" என்றாள்.

"ரெண்டும்ங்க."

மாமன் பேனாவை மூடிப் பையில் செருகினார். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். பெண்ணின் அப்பா நல்ல மனுஷர், வாசல் வரைக்கும் வந்து, "தாய்மாமன் இல்லாம பொண்ண மணையில ஒக்கார வெக்க முடியாதுங்க. பேசிட்டு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லி அனுப்பறோம்" என்றார். பஸ்ஸில் வரும்போது நான் உன்னைச் சீண்டினேன். "ஏண்டா, தாலி கட்டிட்டு சொல்லியிருந்தா பந்தியாவது போட்டிருப்பாங்களே." நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய். "அது தெனமும் புள்ளைங்க பேப்பர திருத்துதுப்பா. அதுங்கிட்ட போயி பொய் மார்க்க காட்டச் சொல்றியா?" நான் அதற்குப் பிறகு உன்னைச் சீண்டவில்லை. திருநாவலூர் தாண்டும் வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு வந்தது உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். என் கண்ணில் தூசி விழுந்திருந்தது என்று வைத்துக்கொள்.

கல்யாணம் நடந்தாலும் சரி, நின்றாலும் சரி, நீ முன்னுக்கு வந்துவிட்டாய் என்று எழுதி இந்தக் கடிதத்தை முடிக்கத்தான் உட்கார்ந்தேன். மில்லை வைத்துச் சொல்லவில்லை. பிடித்துப்போன பெண்ணை இழந்தாலும் பரவாயில்லை என்று எழுந்து நின்றாயே, அதை வைத்துச் சொல்கிறேன். பத்தாவது மார்க்கு ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று கேட்டால், எந்த வாசலில் நிறுத்தும் என்று சொல்வேன். அந்த வாசலில் அவன் எப்படி நிற்பான் என்பது அந்தத் தாளில் இல்லை. இவ்வளவும் எழுதி நிமிர்ந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கடிதம் அதனால்தான் நீண்டுவிட்டது.

வந்தவர் பெண்ணின் தாய்மாமன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. வண்டியின் பின்னால் பாயைச் சுருட்டிக் கட்டியதுபோல நீளமாக என்னவோ இருந்தது. உன் அம்மா தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாங்கி ஓரமாக வைத்தாரே தவிர குடிக்கவில்லை. சுருட்டி வைத்திருந்ததை நம் வாசலில் உருட்டி விரித்தார். கல்யாண பிளக்ஸ் பேனர். நம் தெரு அகலத்துக்கு இருக்கிறது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அந்தப் பெண், நடுவில் உங்கள் இரண்டு பேரையும்விடப் பெரிதாக அவரே கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 'தனசேகர், பி.ஏ.' நாம் பெண் பார்த்துவிட்டு வந்த கையோடு மனுஷர் ஆர்டர் கொடுத்துவிட்டாராம். எந்த டிகிரி என்று யாரும் சொல்லாததால் அவரே ஒன்றை முடிவு செய்து போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நம்மைக் கேட்டதெல்லாம் சும்மா ஒப்புக்கு. எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவர் முகத்தைப் பார்த்தேன், அடக்கிக்கொண்டேன்.

"பெயிலுன்றது எனக்குப் பெருசில்ல சம்மந்தி" என்றார். "ஆபீசுல அத்தினி பேருக்கும் இத போன்ல காட்டிட்டேன். டிகிரி மாப்ள, டிகிரி மாப்ளன்னு எங்க தெரு பூரா சொல்லிட்டேன். இப்ப யாரு பொய்காரன்? நான்தான?"

"வேற ஒண்ணு புதுசா அடிச்சிடலாமுங்க" என்றேன்.

"புதுசு அடிச்சா பழசு இன்னாச்சின்னு கேப்பானுங்க. எங்க தெருவப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

"எங்க தெருவப் பத்தி தெரியும். அதே தெருதான் அங்கயும் இருக்கும். பொண்ணு இன்னா சொல்லுதுங்க?"

அவர் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அன்னிக்கே சொல்லிட்டுச்சி. 'தான் எழுதனது தப்புன்னு தெரிஞ்சா, வாத்தியாரு பாக்கறதுக்குள்ள தானே அடிச்சிட்டு கைய கட்டிக்கினு நிக்கற புள்ளைங்க ரொம்ப கம்மி மாமா. எனக்கு அவருதான்'னுது. நான் வளத்த புள்ள, எனக்கே பாடம் நடத்துது." பிறகு எழுந்தார். "அப்ப மாப்ள வந்து அடிக்கட்டும். வெள்ளிக்கெழம எங்க தெருவுல இத கட்டறேன். பகல்ல, எல்லாரும் நிக்கறப்ப, அந்த பி.ஏ.வ அவுரு கையாலயே கருப்பு பெயிண்ட்டுல அழிக்கணும். யாராச்சும் ஏன்னு கேட்டா அவுரே பதிலு சொல்லணும். சொல்லிட்டாருன்னா அதே பேனர அந்தக் கருப்போட மண்டபத்து வாசல்ல கட்டறேன். நான் தாய்மாமனா மணைக்கு வரேன்."

உன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்புள்ளைய தெருவுல நிக்க வெச்சி வேடிக்க காட்டறீங்களா?" என்றாள். நான் அவளைக் கையமர்த்தவில்லை, அவள் கேட்டது நியாயம்தான். மாமன் என்னைப் பார்த்தார். "அவன கேக்காம நான் ஒத்துக்க முடியாதுங்க" என்றேன். "கேளுங்க" என்றார். அப்புறம்தான் அந்தச் சொம்பை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பேனரைச் சுருட்ட நானும் ஒரு முனையைப் பிடித்தேன். போகும்போது, "போட்டோ நல்லா விழுந்திருக்குதுங்க" என்றேன். "ஒங்க பையன் போட்டோவா?" என்றார். "ஒங்களுதுதான்" என்றேன். மீசைக்குள் சிரித்துவிட்டுத்தான் வண்டியை உதைத்தார்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். வரமாட்டேன் என்றால் உன்னை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு தரம் வாயால் சொன்னது போதாதா, கையாலும் வேறு செய்ய வேண்டுமா என்று நீ கேட்டால் அது நியாயம்தான். உன் அம்மா பக்கம் நின்று நானே களமருதூர் போய்ப் பேசிக்கொள்கிறேன். எனக்குப் பேசத் தெரியும், நக்கல் இல்லாமலும் பேசத் தெரியும். ஆனால் அந்த மனுஷர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பொய் அவர் தெருவில் நிற்கிறது, அதை அவர் ஒருவரால் அழிக்க முடியவில்லை. உனக்கு இந்த வேலை கைவந்த வேலை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன் அக்கா லீவு போட்டு வருவதாகச் சொல்லிவிட்டாள், அம்மாவும் வாயால் திட்டிக்கொண்டே புடவை எடுத்து வைக்கிறாள். நான் உளுந்தூர்ப்பேட்டை பஸ் நிற்கிற இடத்தில் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து நிற்கிறேன். நீ ஏணியில் ஏறும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது நானாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது.

கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை மட்டும் அன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்துவிடாதே. கருப்பு பெயிண்ட், என்ன துவைத்தாலும் போகாது.

உன் அப்பன்